ஆறாம் இருக்கையின் மூச்சு

கேப்டனின் கார் வழக்கம்போல வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, பீப்பாய் ரெடியா?" என்றபடி இறங்கினார். ஒரு கையில் குடை. மற்றொரு கையால் ஆபரேட்டரின் தோளைத் தட்டினார்.

அவன் விலகவில்லை. விலகும் அளவுக்கு அவனிடம் எதுவும் மிச்சம் இல்லை.

விமானத்தளத்தின் கோடியில் இருந்த பழைய கிடங்கு அது. இப்போது விமானிகளுக்கான பயிற்சி மையம். கூடத்தின் நடுவில் ஒரு வேன் அளவுக்கு இரும்பு அறை. அங்கே வேலை பார்ப்பவர்கள் அதைப் பீப்பாய் என்பார்கள். கதவை மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சினால் போதும். பீப்பாய் தரையிலேயே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மட்டும் வானத்துக்குப் போய்விடும். அவ்வளவு உயரத்தில் மாஸ்க்கைக் கழற்றினால் புத்தி எப்படிக் கழன்றுபோகிறது என்று விமானிகள் அனுபவித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

காற்று மெலிந்தால் மூச்சு முட்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முட்டாது. வலிக்கவும் செய்யாது. பாதிப் பேருக்கு ஒரே குஷியாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கண் செருகுவார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் உடம்பு ஓர் அறிகுறி காட்டும். ஒருவருக்கு விரல் நுனி மரத்துப்போகும். ஒருவருக்கு உதடு தடிக்கும். பெரும்பாலும் ஒருவருக்கு வந்தது அவருக்கு ஆயுசுக்கும் அதேதான். அது தலைகாட்டிய உடனே மாஸ்க்கைப் பார், கீழே இறங்கு. பாடம் மொத்தமும் அவ்வளவுதான்.

கேப்டனுக்குக் காது சுடும், கோபம் வரும். வருஷக்கணக்காக அப்படித்தான்.

ஆபரேட்டரின் மனைவிக்குக் காலில் தண்ணீர் ஏறும்.

அவளை அவன் முதலில் பார்த்ததே பீப்பாயின் வட்டக் கண்ணாடி வழியாகத்தான். அவள் அப்போது புது விமானி. மாஸ்க்கைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். "யாரோ தண்ணி ஊத்திட்டாங்க. ஐஸ் தண்ணி. பாதம் முங்குது பாருங்க." தரை காய்ந்து கிடந்தது. வெளியே வந்ததும் அவனைத் தேடி வந்தாள். "திறந்து விட்டது நீங்கதானா? ரொம்ப நன்றி, கதவுக்காரரே."

கல்யாணத்துக்குப் பிறகும் அதே பெயர்தான். கதவுக்காரரே, காபி ஆறுது. கதவுக்காரரே, விளக்கை அணைங்க. வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கேப்டன் தலைமை விமானியாக இருந்த கம்பெனியில் அவள் நில அளவைக்குப் படம் எடுக்கும் சின்ன விமானம் ஓட்டினாள். பயணிகள் விமானம் மாதிரி உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்காது அது. வெளியே என்ன காற்றோ, உள்ளேயும் அதேதான். விமானியின் உயிர் ஒரு சிலிண்டரிலும் ஒரு மாஸ்க்கிலும் இருக்கிறது. போன வருஷம் ஒருநாள் மேலே ஏறியவள், திரும்பவில்லை. மலைச்சரிவில் கண்டெடுத்தார்கள். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. சிலிண்டர் தீயில் வெடித்துச் சிதறிவிட்டது. விமானியின் அஜாக்கிரதை என்று விசாரணையை முடித்தார்கள்.

"அந்தப் பொண்ணு எப்பவுமே அப்படித்தான் சார்" என்று கேப்டன் சாட்சி சொன்னார். "மாஸ்க் போட்டா முகம் அரிக்குதும்பா."

அதன்பிறகு அவள் பாடமாகிவிட்டாள். வருகிற ஒவ்வொரு புதிய விமானிக்கும் அவள் கதை சொல்லப்பட்டது. மாஸ்க் போடாத பொண்ணு.

முந்தின நாள் மாமனார் போன் செய்திருந்தார். "மாப்பிள்ளை, வீட்டைப் பூட்டினாக்கூட ரெண்டு தடவ இழுத்துப் பார்ப்பாளே. அவளா மாஸ்க்க கழட்டுவா?"

"தெரியும் மாமா" என்றான். வேறு என்ன சொல்ல? தெரிந்து என்ன பயன்? கையில் ஒன்றும் இல்லை.

அன்று கேப்டனோடு புதிய விமானிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு நெட்டைப் பையன். முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். வகுப்பில் மையத்தின் டாக்டரம்மா பாடத்தை முடித்ததும் கேப்டன் எழுந்தார்.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. எங்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா. என் மக மாதிரி..."

பின்வரிசையில் ஆபரேட்டர் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த குழாயையே மறுபடி துடைத்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு, "போதும் கேப்டன், நேரமாச்சு" என்றார்.

பீப்பாய்க்குள் எதிரும் புதிருமாக ஆறு இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு மாஸ்க். வெளியே ஆபரேட்டரின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கண். உள்ளே இருப்பவர் மூச்சை இழுத்தால் அது திறக்கும், விட்டால் மூடும். ஆள் இல்லாத இருக்கையின் கண் மூடியே இருக்க வேண்டும்.

உள்ளே கூட இருந்து கவனிக்கும் ஆளுக்குப் பலூன் என்று பட்டப்பெயர். உயரம் ஏற ஏற வயிற்றிலுள்ள வாயுவும் உப்பும். அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உப்பும்.

"யாரும் கௌரவம் பார்க்காதீங்க" என்றான் புதியவர்களிடம். "அடக்கினா வயிறு பிடிச்சுக்கும். மாஸ்க் போட்டிருக்கோம், யாருக்கும் வாசனை தெரியாது. சத்தத்துக்கு நான் பொறுப்பேத்துக்கறேன்."

நெட்டைப் பையன் சிரித்தான். குட்டை முடிக்காரி சிரிப்பை அடக்கினாள்.

பலூன் ஒரு ரப்பர் கையுறையின் மணிக்கட்டை முடிச்சுப் போட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டான். தரையில் அது துவண்டு தொங்கும். மேலே போகப் போக உள்ளே அகப்பட்ட துளிக்காற்று விரியும். விரல்கள் ஒவ்வொன்றாக நிமிரும். வயிற்றில் நடப்பதைக் கண்ணால் காட்ட அது ஒரு வழி.

கேப்டன் ஐந்தாம் இருக்கையில் உட்கார்ந்தார். எதிரே குட்டை முடிக்காரி. அவர் பக்கத்தில் ஆறாம் இருக்கை காலி.

ஆபரேட்டர் கதவைச் சாத்தினான். பம்ப் உறுமத் தொடங்கியது. எல்லாரும் மாஸ்க்கோடு வெகுநேரம் ஆக்சிஜன் இழுத்த பிறகு உயர முள் மெல்ல மெல்ல நகர்ந்து, இருபத்தையாயிரம் அடியில் வந்து நின்றது.

கையுறை பருத்து, ஐந்து விரலும் விறைத்துத் தொங்கியது. நின்ற காற்றில் அது மெல்லத் திரும்பியது.

"கேப்டன், நீங்க முதல்ல" என்றார் வெளியே நின்ற டாக்டரம்மா மைக்கில். "மாஸ்க்க எடுத்துட்டு வண்ண அட்டையப் பாருங்க. விளக்கைக் குறைக்கிறேன்."

உள்ளே இருள் கவிந்தது. காற்று குறைந்தால் முதலில் ஏமாறுவது கண்தான். சிவப்பு சாம்பலாகும், பச்சை கறுப்பாகும். வட்டக் கண்ணாடிக்குள் மங்கலான முகங்கள். நடுவில் வெளிறிய அந்தக் கை.

ஆபரேட்டர் பலகையைப் பார்த்தான்.

ஆறாம் கண் திறந்தது.

மூடியது.

திறந்தது.

காற்று கசிகிறது என்று நினைத்தான். கசிந்தால் திறந்தபடியே நிற்க வேண்டும். இது இழுத்து விட்டது. நிதானமாக. தூங்குகிறவர் மூச்சு மாதிரி. அந்த மூச்சின் தாளம் அவனுக்குத் தெரியும். எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறான்.

"பலூன்" என்று மைக்கில் கூப்பிட்டான். "ஆறாம் மாஸ்க்க பாரு."

"கொக்கியிலதான் தொங்குது." கிட்டே குனிந்து பார்த்தான். "ஆனா... உள்பக்கம் ஆவி படிஞ்சிருக்குப்பா. யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டின மாதிரி."

"கேப்டன்" என்றார் டாக்டரம்மா. "காது சுட ஆரம்பிச்சிடுச்சா?"

பிறகு அவர் குரல், கொஞ்சம் குழறலாக.

"யாரு இங்க தண்ணி ஊத்தினது?"

ஆபரேட்டரின் கை பலகையிலேயே நின்றது.

"கால்ல தண்ணி. ஐஸ் தண்ணி. பாதம் முங்குது பாருங்க." கேப்டன் இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார்.

டாக்டரம்மா மெதுவாக ஆபரேட்டரின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "இது... இவரோட அறிகுறி இல்லையே."

உள்ளே கேப்டன் தலையைத் திருப்பினார். காலி இருக்கையைப் பார்த்தார். பார்த்தபடியே சிரித்தார், காற்று குறைந்தவர்கள் சிரிக்கும் அசட்டுச் சிரிப்பு.

"ஏன்மா மாஸ்க்க கழட்டுற? போட்டுக்கோ. சரி, வேண்டாம். போட்டா என்ன, போடாட்டி என்ன. அதுலதான் ஒண்ணும் இல்லையே."

கேப்டன் காலி இருக்கையின் பக்கம் சாய்ந்தார்.

"அன்னைக்கு ஆக்சிஜன் வண்டி வரல. வேலை நிக்கக் கூடாதுன்னு பட்டறைக் காத்தைப் பிடிச்சு சிலிண்டர்ல நிரப்பச் சொன்னேன். வெறும் காத்து. அழுத்த முள்ளு பச்சையில நின்னா யாரு கேக்கப் போறா? கீழயே பறந்துட்டு வந்துடுவன்னு நினைச்சேன்மா. மேகம் வந்து மேல ஏற வேண்டியிருக்கும்னு நான் கண்டேனா?"

"கேப்டனுக்கு மாஸ்க் போடுங்க" என்றார் டாக்டரம்மா. குட்டை முடிக்காரி எழுந்து அவர் முகத்தில் மாஸ்க்கை அழுத்தினாள். பலூன் சுத்த ஆக்சிஜனைத் திறந்துவிட்டான். ஐந்தாம் கண் பெரிதாகத் திறந்து மூடியது. இரண்டு மூச்சில் தெளிந்துவிட வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான்.

கேப்டன் தெளியவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருந்தார்.

"ரேடியோவுல நீதான கேட்ட, மேல ஏறட்டுமான்னு? அப்புறம் கால்ல தண்ணி ஏறுதுன்னு சொன்ன. மாஸ்க் சரியா இருக்கு, முள்ளு பச்சையில இருக்கு, ஆனாலும் தண்ணி ஏறுது, இறங்கிடட்டுமான்னு கேட்ட. நான் என்ன சொல்வேன்? இறங்குன்னா ஏன்னு கேப்ப. எல்லாம் வெளிய வந்துடும். உனக்கு ஒண்ணும் இல்லம்மா..."

நிறுத்தினார். அடுத்த சொல்லை அவர் சொல்ல விரும்பவில்லை என்பது தெரிந்தது. யாரோ தாடையைப் பிடித்துத் திறப்பதுபோல் மாஸ்க்குக்குள் அவர் வாய் அகன்றது.

"ஏறு. ஏறுன்னு சொன்னேன்."

"நகமெல்லாம் நீலமாயிட்டே போகுது டாக்டர்" என்று பலூன் கத்தினான். "ஆக்சிஜன் முழுசாத்தான் போகுது!"

"இறக்கு" என்றார் டாக்டரம்மா.

ஆபரேட்டரின் கை, காற்றை உள்ளே விடும் வால்வின் மேல் இருந்தது. ஒரு திருப்பு. அவ்வளவுதான் வேலை.

ஹெட்போனில், காதோடு காதாக, ஒரு குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம், கதவுக்காரரே."

அவன் கை அசையவில்லை.

"இறக்குப்பா! காது கேக்கலையா?"

கேட்டது. இரண்டும் கேட்டன. ஒன்றுக்குத்தான் அவன் கீழ்ப்படிந்தான். எவ்வளவு நேரம் என்று அவன் பிறகு யோசிக்கவே இல்லை. உள்ளே தொங்கிய கையுறை கேப்டனின் பக்கமாகத் திரும்பி நின்றதைப் பார்த்தான். டாக்டரம்மா அவன் கையின் மேல் தன் கையை வைத்துத் திருப்பிய பிறகுதான் முள் இறங்கத் தொடங்கியது.

கதவைத் திறந்ததும் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றினார்கள். நெட்டைப் பையன் வாசலிலேயே வாந்தி எடுத்தான். குட்டை முடிக்காரி யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாங்க எல்லாரும் கேட்டோம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கேப்டனைத் தரையில் கிடத்தினார்கள். சன்னல் திறந்திருந்தது. மழைக்காற்று தாராளமாக வீசியது.

அவர் உதடு நீலமாகவே இருந்தது.

எல்லாரும் கீழே வந்துவிட்டார்கள். கேப்டன் மட்டும் இறங்கவில்லை.

அன்று மாலை அவன் மாமனாருக்குப் போன் செய்தான்.

"மாமா, அவ மாஸ்க் போட்டுத்தான் இருந்தா."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிறகு கிழவர் அழுதார். ஒரு வருஷமாக அழாத அழுகை. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

கேப்டன் கூப்பிடுகிறார் என்று மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. பார்வையாளர் நேரத்தில் போனான். வார்டு முழுக்க டெட்டால் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை: ஈரம். நாள்பட நீர் தேங்கிய இடத்தின் வாசனை.

"சிலிண்டர் புதுசுங்க, நானே மாத்தினேன்" என்றாள் நர்ஸ், அவன் கேட்காமலே. "முள்ளு பாருங்க, பச்சையில நிக்குது. மாஸ்க்கும் சரியாத்தான் இருக்கு. ஆனா உடம்புல ஏறவே மாட்டேங்குது. பெரிய டாக்டரே கையை விரிச்சுட்டாரு."

கேப்டனின் விரலில் மாட்டியிருந்த கருவி விடாமல் கூவியது. அவர் கால்கள் தலையணைகளின் மேல் உயரத்தில் இருந்தன. மேலே மூன்று கம்பளி.

"வந்துட்டியாப்பா." மாஸ்க்குக்குள் கிசுகிசுத்தார். "இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. யாருகிட்ட சொன்னாலும் தண்ணி எங்கன்னு கேக்கறாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் மட்டுமா? ஓனருக்குத் தெரியும். நிரப்பின மெக்கானிக்குக்குத் தெரியும். பக்கத்துல நின்ன ரெண்டு பைலட்டுக்கும் தெரியும். அஞ்சு பேரும் சேர்ந்துதானே வாயை மூடிக்கிட்டோம்? என்னை மட்டும் ஏன்..." மூச்சு வாங்கியது. சில்லென்ற கையால் அவன் கையைப் பிடித்தார். "பக்கத்துலதான் உக்காந்திருக்கா. நீ சொன்னா கேப்பா. நான் இறங்கிடறேன்பா. என்னை இறங்கச் சொல்லச் சொல்லு."

கட்டிலின் அந்தப் பக்கம் ஒரு காலி ஸ்டூல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அங்கே எதுவும் இல்லை. ஸ்டூலுக்கு அடியில் தரை மட்டும் வியர்த்திருந்தது.

ஒரு வார்த்தை. அவள் கேட்பாள். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டில் எந்தச் சண்டையிலும் கடைசியில் அவன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

கேப்டனின் காதருகே குனிந்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றான். "ஏறுங்க."

மறுநாள் காலையில் டாக்டரம்மா அவனுக்கு முன்பே வந்திருந்தார். கையில் ஆறிப்போன காபி.

"போயிட்டாராம்ப்பா. நுரையீரல் நிறையத் தண்ணியாம். நீச்சல் தெரியாதவன் குளத்துல விழுந்த மாதிரின்னு சொல்றாங்க."

அவன் தலையசைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு பீப்பாயிடம் போனான். அன்றிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. பம்பின் பிளக்கைக்கூடப் பலூன் பிடுங்கி வைத்திருந்தான்.

கதவை இழுத்தான். உள்ளே சாதாரணக் காற்று. தரையின் காற்று.

கூரையிலிருந்து கையுறை தொங்கியது.

பருத்து.

தோல் வெடிக்கும் அளவுக்கு விறைத்து நின்றன நான்கு விரல்கள். கட்டை விரல் மட்டும் சுருங்கித் துவண்டு கிடந்தது. ஒரே காற்று, ஒரே உறை. அப்படி ஆகவே முடியாது.

அவன் வெகுநேரம் பார்த்தான். மனசுக்குள் எண்ணினான். ஓனர். மெக்கானிக். இரண்டு பைலட்.

"உள்ள என்ன பண்ற?" வெளியிலிருந்து டாக்டரம்மா கேட்டார். "அந்தக் கம்பெனியிலேருந்து அடுத்த வகுப்புக்கு ரெண்டு பேர் வர்றாங்களாம். பழைய ஆளுங்கதான். நீ வேணா லீவு போட்டுக்கோ. நான் வேற ஆபரேட்டரைப் பார்த்துக்கறேன்."

"வேண்டாம் டாக்டர்" என்றான். "நான் இருக்கேன்."

கையுறையை அவிழ்க்கவில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

மின்சாரம் இல்லாத பலகையில் ஆறாம் கண் திறந்தது.

மூடியது.

திறந்தது.